பொட்டு வைக்க இடமில்லாத ரீல்

1997 பிப்ரவரி 5, புதன்கிழமை. விடியும் முன் எழுந்து தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்தேன். குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, சைக்கிளில் ஜங்ஷனுக்குப் போய்க் கடையைத் திறந்தேன். வாசல் தெளித்தேன். பழுது மேஜையின் வெள்ளைத் துணியை உதறித் திரும்ப விரித்தேன். திருப்புளிகளைச் சிறியதில் தொடங்கிப் பெரியதுவரை வரிசையாக வைத்தேன். எண்ணெய்க் குப்பியின் மூக்கைத் துடைத்தேன். எல்லாம் தினமும் செய்கிறதுதான். அன்றைக்கு ஒன்று மட்டும் கூடுதல். அலமாரியிலிருந்து ஒரு புதுத் தூண்டில் ரீலை எடுத்து, நரம்பு சுற்றி, துணிப்பையில் வைத்துக்கொண்டு, புன்னைக்காயலுக்குப் போகும் வேனுக்காக வாசலில் நின்றேன்.

தம்பிகளே, அந்த மேஜையில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கண் மங்கியதால் நான் எழுந்துகொண்டேன். ஒரு ரீலைக் கழற்றி மாட்டுவதில் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. என்னைவிட வேகமாகவே செய்கிறீர்கள். கழற்றுவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், எனக்கு அந்தப் புதன்கிழமைதான் நினைவுக்கு வருகிறது.

அந்தக் காலத்துக் கடை இப்போதிருப்பதில் பாதிகூட இல்லை. ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு மேஜை, மேலே ஏற ஒரு மரப்படி. முன்பக்கம் தூண்டில் முள்ளும் ஈயக்குண்டும் தங்கூசு என்கிற நைலான் நரம்பும் தொங்கும். முதலாளியை ஊரெல்லாம் அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். முட்டைகூட வாசல் தாண்டாத சைவ வீடு அவருடையது. நிலமெல்லாம் கைவிட்டுப் போன பிறகு எந்த வியாபாரம் செய்வது என்று தேடியபோது, போட்டி இல்லாத சரக்கு இதுதான் என்று கண்டு தூண்டில் கடை வைத்தார். "மீனைப் புடிக்கிற சாமானை விக்கலாம்லே. மீனைத்தான் தொடக் கூடாது" என்பார். ரீலைப் பழுதுக்குக் கொண்டுவருகிறவர்கள் அதில் ஒட்டிய செதிலைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வந்தால்தான் மேஜைக்கே வரவிடுவார்.

அன்றைக்கு நம் பக்கத்தில் வாடிக்கைக்காரர்கள் என்றால் மில் அதிகாரிகள், டாக்டர்கள், பாளையங்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், மலை எஸ்டேட்டிலிருந்து மாதம் ஒருமுறை இறங்கி வருகிற ஒருவர். ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டுகளிலும் கழிமுகத்திலும் இவர்களைப் பார்க்கலாம். எல்லாரிடமும் இருந்தது பழைய உருண்டை ரீல். டப்பா ரீல் என்போம். இரும்புக் குண்டுபோல் கனக்கும். இரண்டு பக்கமும் வட்டத் தகடு, நடுவில் உருளை. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் கப்பல்காரர்கள் வழியாக வந்தவையும் உண்டு, அப்பா காலத்தவையும் உண்டு. உதிரிபாகம் கிடைக்காது. ஒரு ரீலைச் சாகடித்து இன்னொன்றைப் பிழைக்க வைப்பதுதான் என் வேலையாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் தட்டை ரீல் வந்தது. இன்று உங்கள் அலமாரியில் இருக்கிறவற்றில் பாதிப் பெயர்கள் அப்போது யாருடைய வாயிலும் நுழையாதவை. கொரியாவிலும் தைவானிலும் புதிதாக முளைத்த கம்பெனிகள். உயரம் குறைவு. தூண்டில் கம்போடு சேர்த்துப் பிடித்தால் கை முழுவதையும் மூடிக்கொள்ளும். கட்டைவிரல் தானாகவே உருளையின்மேல் போய் உட்காரும். உருளைக்குப் பின்னால் ஒரு சிறு பட்டை. அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் உருளை விடுபட்டு நரம்பு ஓடும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் பட்டை மேலே வந்து, உருளை பல்சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். நரம்பு சிக்கிக்கொள்ளாமலிருக்கப் பக்கத்தில் காந்தம் வேறு. முதல் முறை கையில் வாங்கியபோது மேஜையில் உட்கார்ந்தபடியே வெறும் கையால் நாலைந்து தடவை வீசிப் பார்த்தேன். அந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

ஆனால் நம் ஊரில் கனமில்லாத பொருளுக்கு மதிப்பு கிடையாது. அலமாரியில் பார்த்தவர்கள் எல்லாரும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்குல்லா?" என்று திருப்பி வைத்தார்கள். பன்னிரண்டு ரீல் இறக்கியிருந்தோம். கம்பெனியின் சார்பில் மெட்ராஸிலிருந்து சுகுமார் என்று ஒரு பிரதிநிதி கூடவே வந்திருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். தோய்த்த சட்டையை லாட்ஜ் அறையில் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு காலையிலேயே கடைக்கு வந்துவிடுவார்.

"நாகர்கோவில்ல திருப்பிட்டாங்க சார். தூத்துக்குடிலயும் திருப்பிட்டாங்க," என்று என்னிடம் தனியாகச் சொன்னார். "இங்கயும் திரும்பிடுச்சுன்னா தெற்கு ஏரியாவே வேணாம்னு கம்பெனில முடிவு பண்ணிடுவாங்க. ஏரியா இல்லேன்னா நானும் இல்ல. இன்னும் என்னைப் பர்மனென்ட் பண்ணலை சார்."

அண்ணாச்சி அதற்கு ஒரு வழி சொன்னார். "புன்னைக்காயல் மிக்கேல் கையில ஒண்ணைக் குடுத்துப் பாப்போம். அவன் சரின்னுட்டாம்னா பன்னெண்டும் போயிரும். அவன் ஆகாதுன்னா பன்னெண்டையும் நீங்க எடுத்துக்கிடுங்க தம்பி. சரிதானா?"

சுகுமார் சரி என்றார். வேறு என்ன சொல்வார்?

மிக்கேல் அண்ணன் கழிமுகத்தில் சொந்த வள்ளம் வைத்திருந்தவர். தூண்டில் போட வெளியூரிலிருந்து வருகிறவர்களை அவர்தான் கூட்டிப் போவார். கொடுவா மீன் எந்தத் திட்டில் நிற்கிறது, எந்த நீரோட்டத்தில் வாயைத் திறக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் எந்த ரீலைப் பிடிக்கிறாரோ அதையே மில் அதிகாரியும் கேட்பார், டாக்டரும் கேட்பார். அவருடைய டப்பா ரீல்களை எத்தனையோ தடவை நான் ஒட்டுப்போட்டிருக்கிறேன்.

இனி ஒரு விஷயம். கடைக்குப் புதுச் சரக்கு வந்தால் அண்ணாச்சி பூஜை போடாமல் விற்பனைக்கு வைக்க மாட்டார். காலையில் குளித்துவிட்டு வந்து, சந்தனக்கட்டையை அவரே கல்லில் அரைப்பார். கொஞ்சம் பச்சைக் கற்பூரம் சேர்ப்பார். கடைக்குள் வந்தாலே அந்த வாசனைதான். ஒவ்வொரு ரீலுக்கும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். வைத்த பொட்டை யாரும் அழிக்கக் கூடாது. தானாகக் காய்ந்து உதிர வேண்டும். டப்பா ரீலுக்கு வட்டத் தகட்டின் நடுவே வைப்பார். அது ஏதோ பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம் மாதிரி இருக்கும். பல வருஷமாக அப்படித்தான் நடந்தது.

தட்டை ரீல்களை அலமாரியில் வைக்கும் முன், திங்கட்கிழமை, பூஜை போட்டார். சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னலே இது, மொகமே இல்லாம இருக்கு! பொட்டை எங்கன வைக்க?"

பக்கமெல்லாம் வளைவு. ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் திருகு. கடைசியில் அகலமாக, நேராக, மேலே பார்த்த மாதிரி ஓர் இடம் கண்டுபிடித்தார். "இங்கன வச்சாத்தான் லட்சணமா இருக்கு" என்று பன்னிரண்டுக்கும் வைத்தார். நானும் பக்கத்தில் நின்று கற்பூரத் தட்டைப் பிடித்திருந்தேன்.

வேன் வந்தது. அண்ணாச்சி முன்னால், சுகுமாரும் நானும் பின்னால். ஆத்தூர் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால் பச்சை முடிந்து உப்பளம் தொடங்கும் இடத்தில் சுகுமார் பையைத் திறந்து ரீலை ஒருமுறை தடவிப் பார்த்து மூடினார்.

புன்னைக்காயலில் மிக்கேல் அண்ணன் வள்ளத்தைத் தயாராக நிறுத்தியிருந்தார். அண்ணாச்சி வேனை விட்டு இறங்கவில்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இறங்குங்க. கரையிலயாவது நில்லுங்க."

"இங்கன இருந்தே பாக்கேன் மிக்கேலு. நீரு போயிட்டு வாரும்."

"முப்பது வருசமா முள்ளு விக்கேரு, ஒரு மீனு மொகத்தைப் பார்த்திருக்கேரா? ஒரு கொடுவாயைக் கொண்டாந்து உங்க மடியில போடுதேன் இன்னிக்கு."

"போட்டேருன்னா இந்த வேனைக் கழுவ உம்ம வள்ளத்தை விக்கணும், பாத்துக்கிடும்."

சிரித்துக்கொண்டே புறப்பட்டோம். வள்ளத்தில் மூன்று பேர்: மிக்கேல் அண்ணன், சுகுமார், நான். மழைக்காலம் முடிந்து ஆறு தெளிந்திருந்தது. தாமிரபரணித் தண்ணீர் கடலோடு சேரும் இடத்தில் நிறம் மாறும் கோடு நன்றாகத் தெரிந்தது. காற்று எதிரே. வள்ளத்தின் மூக்கு அலையில் இடிக்கும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் எங்கள்மேலும், ரீலை மாட்டி மடியில் வைத்திருந்த கம்பின்மேலும் அடித்தது.

மிக்கேல் அண்ணன் கம்பை வாங்கி, பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி, இரைக்குப் பதிலாகக் கட்டிய பொய்மீனை வீசினார். முதல் வீச்சே தூரம் போய் விழுந்தது. ஒரு சிக்கு இல்லை. அவர் ரீலைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது. நாலாவது வீச்சில், "கை வலியே இல்லியே வே," என்றார் என்னிடம். சுகுமார் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தியதைப் பார்த்தேன்.

பிறகு கொடுவா அடித்தது.

கம்பு வில்லாக வளைந்தது. மீன் ஒருமுறை மேலே துள்ளி, வாயைப் பிளந்து தலையை உதறியது. நல்ல மீன். மிக்கேல் அண்ணன் கைப்பிடியைச் சுற்றி இழுத்தார். ரீலுக்குள் 'கட கட' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி உருளை பிடி விட்டுத் தன்போக்கில் ஓடியது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். நரம்பு தோலைச் சுட்டதுதான் மிச்சம். உருளைமேல் நரம்பு கொத்துக் கொத்தாகப் பொங்கியது. மீன் இன்னொரு தடவை துள்ளியது. பொய்மீன் தனியாகப் பறந்து விழுந்தது. அவ்வளவுதான்.

மிக்கேல் அண்ணன் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"தம்பி," என்றார் சுகுமாரிடம், ரொம்ப சாந்தமாக. "வீசறதுக்கு நல்லாத்தான் இருக்கு. மீனு வந்தா கையை விட்டுருது. சின்னப் பிள்ளைக்கு விளையாட வாங்கிக் குடுக்கலாம். எனக்கு ஆகாது."

"சாரி சார். இந்த லாட்டே ஃபால்ட்னு நினைக்கிறேன். ஆத்தூர்ல எஸ்டிடி இருக்கும்ல? கம்பெனிக்குச் சொல்லிடறேன்," என்றார் சுகுமார்.

நான் ரீலை வாங்கினேன். கைப்பிடியைச் சுற்றினேன். பட்டை பாதிவரை எழும்பி நின்றது. முழுக்க மேலே வரவில்லை. ஆகவேதான் பல்சக்கரம் அரைகுறையாக மாட்டியிருக்கிறது; இழுப்பு வந்ததும் நழுவியிருக்கிறது. பட்டையைக் கீழே தள்ளிப் பார்த்தேன். அதன் இரண்டு ஓரத்திலும் இருந்த சின்னப் பிளவிலிருந்து வெளிர்மஞ்சளாக ஒரு பசை பிதுங்கியது. உப்பு, டீசல், மீன் வாடை எல்லாவற்றுக்கும் அடியில் அந்த வாசனை இருந்தது. சந்தனம். பச்சைக் கற்பூரம்.

கடையில் காய்ந்து கெட்டியாக இருந்தது. மேஜையில் எத்தனை தடவை வீசிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. அலைத்தண்ணீர் பட்டுக் கரைந்து, அழுத்த அழுத்த உள்ளே இறங்கியிருக்கிறது.

தம்பிகளே, இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் கடைக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. பேச்சுப்படி பன்னிரண்டு ரீலும் கம்பெனிக்குத் திரும்பிப் போகும். மிக்கேல் அண்ணனுக்குக் கடைமேல் கோபம் வராது. அண்ணாச்சியின் பூஜையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். சுகுமார் மட்டும் ரயிலேறிப் போய் வேலையை இழப்பார். நான் அந்த வள்ளத்திலேயே வாயைத் திறந்தால், வேனில் உட்கார்ந்திருக்கிற என் முதலாளி தான் கும்பிட்டு வைத்த பொட்டைப் பற்றி, தன் வாடிக்கைக்காரர் வாயிலிருந்து கேலியாகக் கேட்பார்.

எனக்கு நேரம் வேண்டியிருந்தது. "போன் பண்ண வேண்டாம் சுகுமார். கடையில திறந்து பாத்துட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் பொறுங்க," என்றேன்.

"திறந்து என்ன சார் ஆகப்போகுது?"

"நானும் வாரேன்," என்றார் மிக்கேல் அண்ணன். "எனக்கு ஜங்ஷன்ல வேலை இருக்கு. எம் முன்னால தொறங்க. கொடுவாயைத் தொலைச்சவன் நாந்தான. உள்ள என்ன எழவு இருக்குன்னு பாக்கணும்லா?"

கரைக்கு வந்ததும் அண்ணாச்சி கேட்டார், மிக்கேல் அண்ணன் சொன்னார். அண்ணாச்சி துண்டுக்குள்ளிருந்தே தலையாட்டினார். "சரி, பேசின பேச்சுதான. பன்னெண்டையும் எடுத்துக்கிடட்டும்." அவர் குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. சுகுமார் கடைசி இருக்கையில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆழ்வார்திருநகரியில் டீ குடிக்க வேன் நின்றது. மிக்கேல் அண்ணன் சுகுமாரைத் தோளில் கைபோட்டு டீக்கடைக்கு இழுத்துப் போனார். "வாங்க தம்பி, ரீலுதான் ஆகாதுன்னேன், நீங்க ஆகாதுன்னா சொன்னேன்?" என்று சொல்லிக்கொண்டு போனது காதில் விழுந்தது. அண்ணாச்சி சாலையோரம் கோபுரத்தைப் பார்த்து நின்றிருந்தார். நான் பையோடு அவர் பக்கத்தில் போனேன்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

"சீ, மீன் வாடைல்லா அடிக்கு! தூரப் புடிலே."

"அதுக்குக் கீழ ஒரு வாசனை இருக்கு. பைய மோந்து பாருங்க."

அவர் துண்டை விலக்கிக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. தன் கையால் அரைத்த சந்தனம் அவருக்குத் தெரியாதா? பட்டையை அழுத்திக் காட்டினேன். மறுபடி கொஞ்சம் பிதுங்கியது.

"எல்லாத்துலயும் இருக்குமோ?"

"எல்லாத்துலயும் ஒரே இடத்துலதான வச்சோம்."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"கடையில தொறந்தா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"தொறக்காட்டா?"

"அந்த ஆளுக்கு வேலை போயிரும், அண்ணாச்சி."

அவர் கோபுரத்தைப் பார்த்தார், டீக்கடைப் பக்கம் பார்த்தார், போய் வேனில் ஏறிக்கொண்டார். அங்கிருந்து ஜங்ஷன்வரை ஒரு பேச்சுப் பேசவில்லை. அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். ஆனால் அந்த வழி முழுவதும் அவருக்கு உரியது என்றும் நினைத்தேன். கருங்குளம் போயிற்று, பாளையங்கோட்டை வந்தது. அவர் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கடையில் வெள்ளைத் துணியின்மேல் ரீலை வைத்தேன். மிக்கேல் அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். சுகுமார் நின்றார். சின்னத் திருப்புளியை எடுத்தேன். அண்ணாச்சி கல்லாவைவிட்டு எழுந்து வந்தார்.

"நில்லுலே."

திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"மிக்கேலு, அதுக்குள்ள என்ன இருக்குன்னு தொறக்காமலே சொல்லுதேன். என் சந்தனம் இருக்கு. பூசை போட்டேன்லா, பொட்டு வைக்க இடம் பாத்து வச்சது சரியா அந்தப் பட்டை மேல. கடல் தண்ணி பட்டதும் உள்ள எறங்கிட்டு. ரீலு மேல குத்தம் இல்ல. இந்தத் தம்பி மேலயும் குத்தம் இல்ல." பிறகு சுகுமார் பக்கம் திரும்பினார். "வேன்லயே சொல்லிருக்கணும் தம்பி. வாய் வரல. வாய் வாரதுக்கு ஊர் வந்து சேர வேண்டியதாப் போச்சு."

சுகுமார் என்ன செய்வதென்று தெரியாமல் கைகூப்பிவிட்டார்.

மிக்கேல் அண்ணன் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேஜையைத் தட்டிச் சிரித்தார். அண்ணாச்சி முகம் சிவந்துபோய் நின்றார்.

"சிரியும் வே, சிரியும்."

"உங்களை நெனச்சுச் சிரிக்கல அண்ணாச்சி. எம் பொஞ்சாதியை நெனச்சுச் சிரிக்கேன். போன வருசம் வள்ளம் மந்திரிக்க எங்க சர்ச்சு சாமியாரு வந்தாரு. தீர்த்தம் தெளிச்சாரு. அந்தத் தண்ணில உப்புப் போட்டு மந்திரிப்பாவ. தெளிச்ச தண்ணி என் ரீலு மேல விழுந்தது பாருங்க, சாமியாரு அங்கிட்டுத் திரும்பக்கூட இல்ல, அவ முந்தானையை எடுத்துத் தொடச்சுப் போட்டா. பாவம்லா புள்ளேன்னேன். 'சாமி கோவிச்சுக்கிட மாட்டாரு, ரீலுதான் கோவிச்சுக்கிடும்'னுட்டா."

அண்ணாச்சி பட்டென்று சிரித்துவிட்டார். அன்று முழுவதும் முதல் முறை.

ரீலைத் திறந்தேன். பட்டையின் அடியிலிருந்து ஒரு சுண்டைக்காய் அளவு சந்தனத்தை வழித்தெடுத்துத் துணியில் வைத்தேன். அண்ணாச்சி பழக்கத்தில் விரலை நீட்டினார்.

"அண்ணாச்சி, அதை எடுத்து நெத்தில வச்சுராதேயும். கொடுவா வாடை!" என்றார் மிக்கேல் அண்ணன். அண்ணாச்சி கையை உதறிக்கொண்டார்.

மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டினேன். பட்டை டக்கென்று எழும்பியது. மிக்கேல் அண்ணனுக்குத் திருப்தியில்லை.

"சந்தனம் சரி. சந்தனம் இல்லாட்டா இது மீனைப் புடிச்சு நிக்கும்னு யாரு சொன்னா?"

நியாயமான கேள்வி. வாளியில் தண்ணீர் எடுத்துக் கல்லுப்பைக் கரைத்தோம். ரீலை அவரே அதில் முக்கி எடுத்தார். கம்போடு மரப்படி ஏறி மேலே நின்றார். நரம்பின் நுனியை அந்த வாளியின் பிடியில் கட்டினேன். சுகுமார் கீழே நின்று சொம்பால் தண்ணீர் ஊற்ற ஊற்ற அவர் கைப்பிடியைச் சுற்றி வாளியைத் தூக்கினார். கம்பு வளைந்தது. சொம்பு சொம்பாகக் கனம் ஏறியது. பட்டை அசையவில்லை. வாளி நிறைந்து சுகுமாரின் தேய்த்த சட்டைமேல் வழிந்தது, அவர் நகரவேயில்லை. மிக்கேல் அண்ணன் பட்டையை அழுத்தி வாளியை விட்டார், மறுபடி சுற்றிப் பிடித்தார். பாதியில் நின்று ஆடியது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

மேலிருந்தே சொன்னார். "ஞாயித்துக்கிழமை ஆளுவ வாராவ. நாலு ரீலு குடுங்க. மீன் வாடை படாத ரீலா. சந்தன வாடையும் படாததா."

சுகுமார் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன் சார்," என்று நனைந்த சட்டையோடு வெளியே போனார். எஸ்டிடி பூத் அடுத்த கடையில்தான். "எடுத்துக்கிட்டாங்க சார், எடுத்துக்கிட்டாங்க" என்று அவர் இரண்டு தடவை சொன்னது எங்களுக்குக் கேட்டது.

மீதிப் பதினொன்றையும் சுத்தம் செய்ய வேண்டும். அலமாரியைத் திறந்தேன். வரிசையாகச் சந்தனமும் குங்குமமும். துணியை எடுத்தேனே தவிர, கை போகவில்லை. வைத்த பொட்டை அழிக்கக் கூடாது என்று அந்தக் கடையில் அவ்வளவு நாள் கேட்டிருந்தேன். அண்ணாச்சி பின்னாலிருந்து துணியை வாங்கிக்கொண்டார்.

"நீ தொடாத. நான் வச்சது, நான் எடுக்கேன்."

ஒவ்வொரு ரீலாகக் கையில் எடுத்து, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் வாங்கி வாங்கித் திறந்து கழுவினேன். மிக்கேல் அண்ணனும் அதுவரை உட்கார்ந்திருந்துவிட்டு நாலு ரீலோடு கடைசி பஸ்ஸுக்குப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ புதுக் கம்பெனிகள் வந்தன. எத்தனையோ பேர் கெட்டுப்போன ரீலை மேஜையில் போட்டு, "சரக்கு மட்டம்" என்று என்னைச் சொல்ல வைக்கப் பார்த்தார்கள். அப்போதெல்லாம் முதலில் முகர்ந்து பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாத கம்பெனிமேல் பழியைப் போடுவது ரொம்ப சுலபம். அவர்கள் எதிரே வந்து நிற்க மாட்டார்கள். ஆனால் அவர்களுக்காக ஒருத்தன் லாட்ஜில் தன் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு நம் வாசலில் நிற்பான். நம் கையால் நாம் என்ன செய்தோம் என்று பார்த்த பிறகே அவனிடம் பேசுங்கள். குறை நம் பக்கம் இருந்தால், யாருடையதோ அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு, அவர் தன் வாயால் சொல்ல ஒரு ஆழ்வார்திருநகரி தூரமாவது விடுங்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. வாசல் தெளித்து, துணியை விரித்து, திருப்புளிகளை வரிசைப்படுத்திவிட்டு உட்கார்ந்தேன். அண்ணாச்சி குளித்துவிட்டு வந்து வழக்கம்போல் சந்தனம் அரைத்தார். கிண்ணத்தோடு அலமாரியைத் திறந்தார். எட்டு ரீலும் வெறும் நெற்றியோடு இருந்தன. பிறகு கண்ணாடிக் கதவை மூடி, கதவுக்கு ஒரு பொட்டு வைத்தார். அது போதவில்லை போலிருக்கிறது. கிண்ணத்தில் மீதியைப் பார்த்தார். என் மேஜைக்கு வந்தார்.

"கையைக் காட்டுலே."

நீட்டினேன். வலது கட்டைவிரலைப் பிடித்து, நகத்தின்மேல் சந்தனம் வைத்து, அதன்மேல் துளிக் குங்குமம் வைத்தார்.

"எல்லாத்தையும் அழுத்துறதும் விடுறதும் இதான்லா. இதுக்கு வச்சாப் போதும்." கல்லாவுக்குத் திரும்பிப் போகும்போது சொன்னார்: "காயுற வரைக்கும் ஒரு ரீலையும் தொட்டுராத."

அன்று காலை நான் செய்த முதல் வேலை அதுதான். வெள்ளைத் துணிமேல் கையை விரித்து வைத்து, கட்டைவிரலைத் தனியாக நீட்டிக்கொண்டு, சந்தனம் காயும்வரை ரோட்டைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.